அதிர்ந்து பேசாதவள்

2001இல் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்ன ஒரு வாக்கியத்தை அப்பா ரொம்ப வருடங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். “பொண்ணு அதிர்ந்து ஒரு வார்த்தை பேசல. அது போதும் எங்களுக்கு.” அப்பா அதற்குப் பதிலாக, “அவங்க அம்மாவும் அப்படித்தான்” என்றாராம். நானும் அதை ஒரு பாராட்டாகவே வைத்துக்கொண்டேன். ஆசிரியப் பயிற்சியில் மட்டும் ஒரு மேடம், “கடைசி பெஞ்சுக்குக் கேக்கல, குரலை ஏத்து” என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். எனக்கோ நான் கத்துவதுபோலத்தான் இருக்கும்.

திருவாரூரிலிருந்து கல்யாணமாகி அடையாறு வந்தேன். மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை வேலை. 2004இல் மகள் பிறந்தாள். அதற்கு அப்புறம்தான் வீட்டில் அந்தப் பேச்சு ஆரம்பித்தது.

ஹாலிலிருந்து அத்தை கூப்பிடுவார்கள். நான் சமையல்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். பதில் வராது. மூன்றாவது முறை அவர்களே எழுந்து வந்து நிற்பார்கள். “ரெண்டு தரம் கூப்பிட்டாச்சு” என்பார்கள். நான் கேட்கவில்லை என்பேன். முதல் வருடம் அதை நம்பினார்கள். பிறகு அவர்களே ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். ஒரு நாள் அவரிடம், என் முன்னாலேயே, அதைச் சொன்னார்கள்:

“மிக்ஸி ஓடறப்போ கூப்பிட்டா திரும்பிப் பாக்குறா. வீடே அமைதியா இருக்கறப்போ கூப்பிட்டா காதுல விழலையாம். என்ன கதை இது?”

என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் அது உண்மை. பேருந்தில் பக்கத்தில் நிற்கிற தோழி பேசுவது எனக்கு நன்றாகக் கேட்டது. திரு.வி.க. பாலத்தின் மேல் அத்தனை ஹார்ன் சத்தத்திலும் நாங்கள் சிரித்துப் பேசிக்கொண்டே போவோம். வகுப்பு இரைச்சலாக இருக்கும்போது பிள்ளைகள் கேட்கும் சந்தேகம் கேட்கும். எல்லோரும் அடங்கிய பிறகு ஒரு சிறுமி எழுந்து மெல்லிய குரலில் பதில் சொன்னால் உதடு அசைவதுதான் தெரியும். வெளியில் கேட்கிற காது வீட்டில் மட்டும் ஏன் கேட்பதில்லை? அத்தை எடுத்த முடிவுக்கு நானே ஒரு நாள் வந்துவிட்டேன். எனக்கு அந்த வீட்டைக் கேட்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, உள்மனசு காதை மூடிக்கொள்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். குற்ற உணர்ச்சியோடு இன்னும் சீக்கிரம் எழுந்தேன், இன்னும் அதிகம் வேலை செய்தேன். “செவிடன் காதுல ஊதுன சங்கு” என்ற பழமொழி எங்கள் வீட்டில் காபியைப்போலத் தினமும் இரண்டு வேளை வந்தது.

பத்து வருடம் டாக்டரிடம் போகவில்லை. போகவிடாமல் யாரும் தடுக்கவில்லை. போகலாம் என்று யாரும் சொல்லவுமில்லை. வீட்டில் ஒரு பெண்ணின் காது கேட்கவில்லையென்றால் அது முதலில் குணக்கோளாறாகத்தான் பார்க்கப்படுகிறது. வைத்தியம் பார்க்கிற விஷயமாக அது மாறுவதற்கு வேறு ஏதாவது நடக்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். 2015இல் மகளுக்கு விஷக் காய்ச்சல். பதினொரு வயது. இரவில் பக்கத்து அறையிலிருந்து “அம்மா, அம்மா” என்று கூப்பிட்டிருக்கிறாள். நான் கொஞ்சமாவது கேட்கும் வலது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்திருந்தேன். அவளாக எழுந்து வந்து குளியலறை வாசலில் தலைசுற்றி விழுந்தாள். புருவத்துக்கு மேல் நான்கு தையல். காலையில் அவர் என்னிடம் கோபமாகக்கூடப் பேசவில்லை. “பெத்த பிள்ளை கூப்பிட்டாக்கூடவா?” என்று மட்டும் கேட்டார்.

அந்த வாரமே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தோம். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். எங்கு போயிருந்தாலும் ஏறக்குறைய இதுவே நடந்திருக்கும். டாக்டர் ஓர் இசைக்கவையைத் தட்டி என் காதுக்கு முன்னால் பிடித்தார். அதன் ரீங்காரம் சீக்கிரமே நின்றுபோனது. அதே கவையின் காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். ஒலி மறுபடி வந்தது, இன்னும் பலமாக. நான் திடுக்கிட்டு அவரைப் பார்த்தேன். காற்று வழியாகப் போகிற சத்தம் நின்றுவிட்டது, எலும்பு வழியாகப் போவது கேட்கிறது என்றால், உள்காதும் நரம்பும் வேலை செய்கின்றன, நடுவில் ஏதோ அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். ஜெர்மானிய மருத்துவர் ரின்னே 1855இல் எழுதிவைத்த சோதனை இது. இரண்டு நிமிட வேலை. மின்சாரம்கூட வேண்டாம்.

பிறகு ஆடியோகிராம். கண்ணாடி அறையில் ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். வரைபடத்தில் இரண்டு கோடுகளுக்கு நடுவே பெரிய இடைவெளி. டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பி, “உங்க ஒய்ஃபுக்கு” என்று ஆரம்பித்தார். நடுக்காதில் ஓர் எலும்பு இறுகியிருக்கலாம், ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்று பெயர், சி.டி. ஸ்கேன் எடுத்தால் தெரியும் என்றார். படியிறங்கும்போது அவர் என்னிடம் கேட்டது இன்னும் மறக்கவில்லை. “அந்த டெஸ்ட்டுல நீயாத்தானே பட்டன் அழுத்தறே?”

சந்தேகப்பட்டுக் கேட்டாரா, வெறும் தகவலாகக் கேட்டாரா தெரியாது. ஆனால் கேள்வி சரியானது. ஆடியோகிராம் என் வாக்குமூலம். கேட்டது என்று நான் சொன்னால்தான் கேட்டது. ஸ்கேனுக்கு என் சொல் தேவையில்லை.

ஸ்கேன் மையம் எல்.பி. சாலையில் இருந்தது. படிவத்தில் என் பெயருக்குக் கீழே தந்தை அல்லது கணவர் பெயர். அதற்குக் கீழே கடைசி மாதவிலக்குத் தேதி. எக்ஸ்ரே கதிர் என்பதால் கர்ப்பமில்லை என்று உறுதிசெய்துகொள்கிறார்கள், அது சரிதான். தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். உலோகம் இருந்தால் படத்தில் கோடு கோடாகச் சிதறும். கல்யாணமான நாளிலிருந்து கழற்றாத மூக்குத்தி திருகு இறுகிப்போயிருந்தது. டெக்னீஷியன் ஓர் இளம்பெண். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அவளே கழற்றிக் கொடுத்தாள். தலையை ஒரு தொட்டிலில் வைத்துப் பட்டையால் கட்டி, “எச்சில்கூட முழுங்காதீங்க அக்கா, ஒரு நிமிஷம்தான்” என்றாள்.

அந்த ஒரு நிமிடத்தில் நடப்பது இது. வளையத்துக்குள் எக்ஸ்ரே குழாய் தலையைச் சுற்றிவருகிறது. எதிர்ப்பக்கம் இருக்கும் உணரிகள், ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் தலையைத் தாண்டி வந்தது என்று குறித்துக்கொள்கின்றன. ஆயிரக்கணக்கான அந்த அளவுகளிலிருந்து, உள்ளே எந்த இடம் எவ்வளவு அடர்த்தி என்று கணினி கணக்குப் போடுகிறது. காற்றுக்கு -1000, தண்ணீருக்கு 0, கெட்டி எலும்புக்கு 1000க்கும் மேல். இந்த அளவுகோலுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் பெயர். அவர் செய்த எந்திரம் 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதல் நோயாளியைப் படமெடுத்தது. அந்தப் படத்தில் 80க்கு 80 கட்டங்கள்தான். மூளையில் கட்டி இருக்கலாமென்று சந்தேகிக்கப்பட்ட 41 வயதுப் பெண் அவர். கண்டுபிடித்தவருக்கு 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பெண்ணைப் பற்றி நான் படித்த எதிலும் வயதும் நோயும் மட்டுமே இருந்தன.

காதுக்கு எடுக்கும் ஸ்கேனில் ஒவ்வொரு துண்டும் அரை மில்லிமீட்டரை ஒட்டிய கனம்தான். முறுக்கு மாவைச் சீராக அறுத்து அடுக்கியதுபோல அந்தத் துண்டுகளைக் கணினி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முழு எலும்பாக்கித் திருப்பிக் காட்டுகிறது. முப்பரிமாணப் படம் என்பது அதுதான். அன்று வேறு கூட்டமில்லை. “பாக்குறீங்களா?” என்று அந்தப் பெண் திரையை என் பக்கம் திருப்பினாள்.

முதலில் என் முகம் தெரிந்தது, சாம்பல் நிறத்தில், கண்மூடி. அவள் எதையோ நகர்த்தினாள். தோல் போனது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். காது போனது. எந்த அடர்த்திக்கு மேல் காட்ட வேண்டும் என்று நாம் சொல்கிறோமோ அதை மட்டும் கணினி காட்டுமாம். எலும்பை மட்டும் கேட்டால் குருத்தெலும்பாலான காது மடல் மறைந்துவிடும். ஒரு வயதில் மொட்டையடித்துக் காது குத்தி, தோடு, ஜிமிக்கி, மாட்டல் என்று முப்பத்தாறு வருடம் அலங்கரித்த காது அந்தப் படத்தில் இல்லவே இல்லை. அந்த இடத்தில் பொட்டெலும்பில் ஒரு சின்ன வட்டத் துவாரம். அதற்குப் பின்னால் புடைத்திருக்கும் எலும்பைக் குறுக்கே வெட்டிக் காட்டினாள். உள்ளே தேனடை மாதிரி அறை அறையாகக் காற்று.

பிறகு உள்காதை மட்டும் தனியாக எடுத்துச் சுழற்றினாள். மூன்று அரைவட்டக் குழல்கள், மூன்று திசையில். அதோடு ஒட்டி இரண்டரைச் சுற்று சுற்றிய ஒரு நத்தை. உடம்பிலேயே மிகக் கெட்டியான எலும்புக்குள் இந்த நத்தை இருக்கிறது. மற்ற எலும்புகளெல்லாம் ஆயுள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து புதிதாகிக்கொண்டே இருக்கும். நத்தையைச் சுற்றியுள்ள எலும்பு மட்டும் ஒரு முறை உருவானால் அநேகமாக அப்படியே இருந்துவிடும். என் நோயில் அது மாறத் தொடங்கியிருக்கிறது. முதலில் பஞ்சுபோலாகிறது, பிறகு கண்டபடி இறுகுகிறது. அங்கவடி எலும்பு உட்கார்ந்திருக்கும் சின்ன சாளரத்தின் விளிம்பில் அது நடந்தால், அங்கவடி அசைய முடியாமல் மாட்டிக்கொள்கிறது. செவிப்பறையில் விழும் அதிர்வைச் சுத்தி பட்டடைக்குக் கொடுக்கும், பட்டடை அங்கவடிக்குக் கொடுக்கும், அங்கவடி உள்ளே தள்ள வேண்டும். உடம்பின் மிகச் சிறிய எலும்பு. சுமார் 3 மில்லிமீட்டர், 3 மில்லிகிராம். அரிசி மணியில் பாதி.

படத்தில் சில இடங்களில் எலும்பு ஓட்டையாக இருந்தது. நான் பயந்துபோய்க் கேட்டேன். “அது நெஜ ஓட்டை இல்லக்கா” என்றாள். “எலும்பு ரொம்ப மெல்லிசா இருந்தா முப்பரிமாணத்துல இல்லாத மாதிரி காட்டும். டாக்டருங்க இத வெச்சு முடிவு பண்ணமாட்டாங்க. அந்தக் கறுப்பு வெள்ளைத் துண்டுங்களத்தான் ஒண்ணொண்ணா பாப்பாங்க.” அப்படியானால் இது எதற்கு? முகநரம்பு அந்த எலும்புக்குள் சுமார் 3 சென்டிமீட்டர் தூரம் வளைந்து போகிறது, கத்தி வைக்கிறவர்களுக்கு எது எதற்கு முன்னால், எது பின்னால் என்று முழுசாக மனதில் வாங்கிக்கொள்ள உதவும் என்றாள். டென்மார்க்கில் செய்த ஒரு மென்பொருள் இருக்கிறது, இலவசம், இப்படி ஒரு கணினி எலும்பைத் துளைத்துத்தான் இப்போது பலர் பழகுகிறார்கள் என்றும் சொன்னாள். அவளுக்கு அவள் வேலை பிடித்திருந்தது. என்னிடம் நேராகப் பார்த்து விளக்கிய முதல் ஆள் அவள்தான்.

ரிப்போர்ட்டுக்காக வெளியில் உட்கார்ந்திருந்தபோது, தூங்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். கூட மாமியார். குழந்தைக்கு இரண்டரை வயது, பிறவியிலேயே கேட்கவில்லை, காக்ளியர் கருவி வைப்பதற்கு முன் ஸ்கேன். அசையாமலிருக்க மருந்து கொடுத்துத் தூங்கவைத்திருந்தார்கள். ஆறு வயதுக்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டில் வைத்துக்கொடுக்கிறார்கள், அதற்காகத்தான் ஊரிலிருந்து வந்து அடையாறில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறோம் என்றாள். சாஸ்திரி நகரில் காது கேளாத சிறு குழந்தைகளுக்கான பால வித்யாலயா பள்ளி 1969 முதல் நடக்கிறது. அதைப் பற்றியும் விசாரித்துவைத்திருந்தாள். “புள்ளயோட அம்மாவும் கூடவே கத்துக்கணுமாம்க்கா” என்றாள். குழந்தைக்குப் பேச்சு வருவதற்காக ஓர் ஊரையும் வேலையையும் விட்டு வருகிறவள் எப்போதும் அம்மாதான்.

மாமியார் நடுவில் சொன்னார்கள்: “அஞ்சாம் மாசம் கிரகணத்தன்னைக்கு வெளிய போகாதேன்னேன். கேக்கல. இப்ப புள்ளைக்குக் கேக்கல.” அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று எனக்குப் பதில் தெரியாது. பின்னால் படித்தேன். அந்த நத்தை தன் இரண்டரைச் சுற்றையும் சுற்றி முடிப்பது கரு உருவாகி எட்டிலிருந்து பத்து வாரத்துக்குள். சில குழந்தைகளுக்கு ஸ்கேனில் நத்தை பாதிச் சுற்றில் நின்றிருக்கும். எந்த வாரத்தில் வளர்ச்சி நின்றது என்பதுகூட அந்த வடிவத்திலிருந்து ஓரளவு தெரியும். ஐந்தாம் மாதம் வந்த எந்தக் கிரகணமும் அதைத் தொட்டிருக்க முடியாது. நத்தை சரியாக இருந்தும் கேட்காத குழந்தைகளும் உண்டு. அவர்களுக்குக் காரணம் மரபணுவில் இருக்கலாம், கிருமியில் இருக்கலாம். அந்தக் குழந்தையின் படத்தில் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு பெண்ணை வாழ்நாள் முழுக்கக் குனியவைக்கும் ஒரு வாக்கியத்துக்கு எதிராக ஒரு படம் சாட்சி சொல்ல முடியும் என்பதை அவளிடம் சொல்லாமல் வந்துவிட்டேனே என்று இன்றைக்கும் இருக்கிறது.

மறுநாள் டாக்டர் என் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, பேனா முனையால் ஓர் இடத்தைக் காட்டினார். சாளரத்துக்குச் சற்று முன்னால், வெள்ளை எலும்பில் மங்கலாக ஒரு திட்டு. இரண்டு காதிலும். “இதான்” என்றார், அவரைப் பார்த்து. அவர் கண்ணாடியைக் கழற்றி, படத்துக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய், ரொம்ப நேரம் பார்த்தார். “இவ்ளோ சின்னதா?” என்றார்.

வீட்டில் அன்று மாலை அத்தையிடம் அவரே சொன்னார். “எலும்பும்மா. ஸ்கேன்ல தெரியுது.” அத்தை ஒன்றும் பேசவில்லை. ராத்திரி எனக்குப் பால் ஆற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள். பதினான்கு வருடத்தில் முதல் முறை. நான் அதைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் படுத்த பிறகு கோபம் வந்தது. பத்து வருடம் “எனக்குக் கேக்கல” என்று நான் தமிழில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதையே ஒரு கறுப்புப் பிலிம் சொன்னதும் வீடு கேட்டுக்கொண்டது. நேற்றுவரை பொய்க்காரி, இன்று நோயாளி. இரண்டுக்கும் நடுவில் சொன்னால் நம்பப்படுகிற ஒரு மனுஷி என்ற இடம் இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நோய் ஆரம்பத்தில் இருக்கும்போது சி.டி.யில் தெரியாமலும் போகலாம். படம் சுத்தமாக வந்து, அங்கவடி மட்டும் மாட்டியிருக்கிற பெண்கள் உண்டு. என் படத்தில் அந்தத் திட்டு தெரியாமல் போயிருந்தால் என் கதை என்னவாகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. இதைப் படிக்கிற யாருக்காவது கேட்கவில்லை என்று தோன்றினால், ரிப்போர்ட் என்ன சொன்னாலும், உங்களுக்குக் கேட்கவில்லை என்பது உண்மை.

அதற்கு அப்புறம் நான் இந்த எலும்பைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களில் ஏறக்குறைய இரண்டு மடங்கு பதிவாகிறது. பெரும்பாலும் பதினைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையே தொடங்குகிறது. கர்ப்பம் இதை வேகப்படுத்தும் என்று வெகுகாலம் நம்பினார்கள். காது கெட்ட பெண்களைப் பிள்ளை பெறாதே என்று சொன்ன மருத்துவர்கள் இருந்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் பலவும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

மிக்ஸிக்கும் விடை கிடைத்தது. இரைச்சலில் மற்றவர்கள் தானாகக் குரலை உயர்த்திப் பேசுகிறார்கள். இரைச்சல் எனக்குக் குறைவாகவே கேட்பதால் அது எனக்குத் தொந்தரவில்லை. அவர்களுடைய உயர்ந்த குரல் மட்டும் வந்து சேர்கிறது. இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயரே இருக்கிறது, தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயரில். 1672இல் அவர் எழுதிய புத்தகத்தில் ஒரு பெண் வருகிறாள். பக்கத்தில் முரசு அடித்தால்தான் அவளுக்குப் பேச்சு கேட்கும். அவளோடு பேசுவதற்காக அவள் கணவன் முரசடிக்கிற வேலைக்காரன் ஒருவனை அமர்த்தினான். நோய்க்கு எழுதியவரின் பெயர் வந்தது. அவளுக்குப் பெயரில்லை. ஆனாலும் முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கணவன் தன் மனைவி சொன்னதை அப்படியே நம்பினான் என்பதை நான் இரண்டு முறை வாசித்தேன்.

அப்போதுதான் எனக்குத் தேர் ஞாபகம் வந்தது.

அம்மாவுக்கு மூன்றாவதாக நான் பிறந்தது 1978இல். அதற்குப் பிறகுதான் காது மந்தமானது என்று சித்திகள் சொல்வார்கள். வீட்டில் அம்மா அதிகம் பேசமாட்டாள். பேசினால் பக்கத்தில் போய்க் காதைக் கொடுக்க வேண்டும். “மகாலட்சுமி, அதிர்ந்து பேசாது” என்பார்கள் தெருவில். அப்பாவோ கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் சொம்பைத் தரையில் வீசுவார். அந்தச் சத்தத்துக்கு அம்மா திரும்புவாள். ஆனால் திருவாரூர்த் தேர் அன்று அம்மா வேறு ஆள். கொட்டு மேளம் காதைப் பிளக்கும், வடம் பிடிக்கிறவர்கள் கூவுவார்கள், அந்தக் கூட்டத்துக்குள் அம்மா பெண்களோடு நின்று வாய் ஓயாமல் பேசுவாள், சிரிப்பாள், நான் கேட்கும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வாள். தேர் என்றால் அம்மாவுக்குச் சந்தோஷம் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அன்று அவளுக்குக் கேட்டிருக்கிறது.

மெல்லிய குரலுக்கும் அதே எலும்புதான் காரணம். வெளிச்சத்தம் அடைபட்டுப்போனால் சொந்தக் குரல் மட்டும் எலும்பு வழியாக உரத்துக் கேட்கும். சொல்வது தனக்கே கத்தலாகக் கேட்பதால் மேலும் மேலும் தணித்துப் பேசுவார்கள். இந்த நோயாளிகள் மெதுவாகப் பேசுவார்கள் என்பது மருத்துவ மாணவர்கள் படிக்கிற அறிகுறி. எங்கள் இரண்டு பேரையும் எதற்காகப் பாராட்டினார்களோ அதுவும், எதற்காகத் திட்டினார்களோ அதுவும் அந்த 3 மில்லிமீட்டரிலிருந்து வந்தவை. பெண் பார்க்க வந்தவர்கள் என்னைத் தேர்ந்தெடுத்தது ஒரு நோய்க்குறியைப் பார்த்து.

இந்நோய் பெற்றோர் ஒருவரிடமிருந்தே பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். அம்மா 2009இல் இறந்துபோனாள், எதையும் தெரிந்துகொள்ளாமல். 1978இல் திருவாரூரில் சி.டி. எந்திரம் இல்லை, உண்மைதான். ஆனால் இசைக்கவை இருந்தது. ஒரு டாக்டர் அதைத் தட்டி அவள் காதுக்குப் பின்னால் வைத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அறுவைச் சிகிச்சையும் இருந்தது. ஜான் ஷே என்ற அமெரிக்க மருத்துவர் அங்கவடியை எடுத்துவிட்டுச் செயற்கை எலும்பு வைத்தது 1956இல், ஒரு பெண்ணுக்கு. அம்மாவுக்குக் கிடைக்காதது எந்திரம் இல்லை. அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிற ஆள்.

எனக்கு 2016 கோடை விடுமுறையில் இடது காதில் செய்தார்கள். உணர்விழக்கும் ஊசி போட்டு, நான் விழித்திருக்கும்போதே. நூறில் ஒருவருக்கு இருக்கிற கேள்வியும் போய்விடலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கையெழுத்து அவரைப் போடச் சொன்னபோது, “நான் போடுறேன்” என்றேன். அங்கவடியின் அடித்தட்டில் துளையிட்டு, 1 மில்லிமீட்டர்கூடக் குறுக்களவில்லாத ஒரு பிஸ்டனைப் பொருத்தி, பட்டடையில் மாட்டுகிறார்கள். மாட்டிய நொடியில் ஏதோ இரும்புத்தட்டு விழுந்ததுபோலக் கேட்டது. யாரோ கத்திரிக்கோலைக் கீழே வைத்திருக்கிறார்கள்.

நாக்குக்குச் சுவை கொண்டுபோகும் ஒரு நரம்பு நடுக்காதின் குறுக்கே போகிறது. அதைத் தொட வேண்டிவந்ததால் இரண்டு மாதம் வாயில் தகர ருசி. சாம்பாருக்கு உப்பு தெரியவில்லை. அவர் ருசி பார்த்துச் சொல்லக் கற்றுக்கொண்டார்.

கட்டுப் பிரித்த பிறகு என் வளையல் சத்தம் எனக்குக் கேட்டது. கோலமாவு விழுகிற சத்தம் கேட்டது. இன்னொன்றும் நடந்தது. வெளிச்சத்தம் வரத் தொடங்கியதும் என் குரல் எனக்குச் சின்னதாகிவிட்டது. மற்றவர்களுக்கு இணையாகப் பேசுவதற்கு நான் அதை உயர்த்த வேண்டியிருந்தது. பள்ளியில் கடைசி பெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தது. அத்தை பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: “ஆபரேஷனுக்கு அப்புறம் இவ குரல் ஒசந்துபோச்சு.” அதை நான் சமையல்கட்டிலிருந்தே கேட்டேன்.

மகளுக்கு இப்போது கல்லூரி வயது. வருடத்துக்கு ஒரு முறை ஆடியோகிராம் எடுத்துக்கொள்கிறாள். இதுவரை கோடுகள் சேர்ந்தே இருக்கின்றன. சில சமயம் அவள் மொபைலில் மூழ்கியிருப்பாள், கூப்பிட்டால் திரும்பமாட்டாள். இரண்டாம் தரம் நான் சத்தம் போடுவதில்லை. எழுந்து பக்கத்தில் போய் அவள் முகத்துக்கு நேரே நின்று சொல்கிறேன்.